மாமன் எண்ணெய்

சுத்திகரிப்பு ஆலையில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் பெட்ரோல் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அந்த வீட்டாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மோட்டார் சைக்கிளுக்கு மாதாமாதம் ஏதாவது பார்த்துச் செய்ய முடியுமா என்று கேட்டார். நான் வேலை பார்ப்பது சமையல் எண்ணெய் ஆலையில் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு, "அதுவும் எண்ணெய்தான" என்று தேற்றினார். என்னைத் தேற்றினாரா, தன்னைத் தேற்றிக்கொண்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஆலை மேலூரைத் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில், கொட்டாம்பட்டி வருவதற்கு முன்பாக இருக்கிறது. நான் அங்கே ஆய்வுக்கூடப் பொறுப்பாளர். தங்கை வாழ்க்கைப்பட்டது சாலைக்கு எதிர்ப்புறத்து ஊரில். எங்களுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரைக்கு மேற்கே இருப்பவர்களுக்கும் வடக்கே இருப்பவர்களுக்கும் விசேஷ வீட்டு முறைகளில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. கல்யாணத்தின்போது அதற்காக இரண்டு தரப்பும் நிறையப் பேசின. "ஒங்க மேக்குச் சீமையில அப்புடியா" என்று யாராவது சொன்னால் பேச்சு அத்துடன் முடியும்.

தங்கைக்கு இரண்டு பையன்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து ஒரு பெண். அந்தப் பெண்ணின் காதணி விழாவுக்கு முதல் நாள்தான் எங்கள் ஆலையில் கசிவு ஏற்பட்டது. நான் தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். விழா நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் நாளுக்குக் கொடுக்கவில்லை. மேலாளர் பிற்பாடு, "நல்லவேளை நீங்க லீவுல இல்லை" என்றார். எனக்கு அதில் ஒத்த கருத்து இல்லை.

நடந்தது இதுதான். கச்சா எண்ணெயில் இருக்கும் வேண்டாத அமிலத்தைப் பிரிக்க அதில் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்ப்போம். அமிலம் சோப்பாக மாறித் தனியே வந்துவிடும். சோப்பை வடித்து, எண்ணெயைச் சுடுநீரில் கழுவி, மற்ற வேலைகளுக்கு அனுப்புவோம். அன்று காலை அந்தக் கரைசல் வரும் குழாயின் இணைப்பில் ரப்பர் கேஸ்கட் கிழிந்து கரைசல் பீய்ச்சியடித்தது. அதை அடைக்க எல்லோரும் ஓடினார்கள். எல்லோரும் ஓடியதால் பக்கத்துத் தொட்டி நிரம்புவதைப் பார்க்க ஆளில்லாமல் எண்ணெய் வழிந்தது. இரண்டும் தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவருக்குள் சேர்ந்தன. இப்படி ஒரு நாளுக்காகவே கட்டிய சுவர் அது. அதன் அடியில் மழைத்தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு உண்டு. முந்தைய நாள் மழைக்காக அதைத் திறந்தவர், மூடுவது அடுத்த ஷிப்டுக்காரர் வேலை என்று நினைத்திருக்கிறார். அடுத்த ஷிப்டுக்காரர் திறந்ததே தெரியாமல் இருந்திருக்கிறார்.

ஆக, எண்ணெய் வடிகால் வழியாக மதில் சுவரைக் கடந்து, சாலைக்கு அடியில் உள்ள சின்னப் பாலத்தைக் கடந்து, தங்கை ஊரின் காய்ந்த வாய்க்காலில் தேன் நிறத்தில் ஓடி, ஒரு பள்ளத்தில் தேங்கியது. அதற்கு மேல் கண்மாய்க்குப் போகாதபடி மணல் மூட்டை போட்டு அடைத்தோம். அடைத்துவிட்டு நிமிர்ந்தால் பள்ளத்தைச் சுற்றிலும் ஊர் நிற்கிறது. குடம், வாளி, தண்ணீர் கேன், சோறு வடிக்கிற சட்டி. ஒருவர் ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

எங்கள் காவலாளி கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். "அண்ணே, எடுக்காதீங்க. காஸ்டிக் சோடா கலந்திருக்கு."

"ஆப்பத்துக்கு நாங்களும்தான் சோடா போடுறோம்" என்றார் ஹெல்மெட்காரர், மோந்துகொண்டே.

"இது கைய அரிச்சிரும்ணே."

"மண்ணு குடிக்கிறத மனுசன் எடுத்தா ஒங்க கம்பெனிக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று ஒரு பெண் கேட்டார். "இத்தன வருசமா வாடையத்தான விட்டீக. இன்னைக்குத்தான் எண்ணெய விட்டிருக்கீக."

அவர்கள் நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

பயம் எனக்கு வேறு. சோப்பும் தண்ணீரும் காஸ்டிக் காரமும் கலந்த எண்ணெயைச் சட்டியில் ஊற்றிச் சூடாக்கினால் அது பால்போலப் பொங்கும். பாலாவது அடுப்பை அணைக்கும். எண்ணெய் அடுப்பில் வழிந்தால் பற்றி எரியும். பக்கத்தில் நிற்பவர் மேல் கொதிக்கக் கொதிக்கத் தெறிக்கும். மத்தியானச் சமையல் முடிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் எடுத்துப்போனதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும்.

மேலாளர் ஒரு யோசனை சொன்னார். எடுத்த எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதே அளவுக்கு நல்ல எண்ணெய் பாக்கெட். அவர் வெளி மாநிலத்துக்காரர். யோசனையில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் எனக்குச் சொந்தம் உண்டு என்பதால் என்னை அனுப்பினார். கோவில் மைக்கில் அறிவிக்கச் சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர்கள் ஒழுங்காகக் கொடுத்து ஒழுங்காக வாங்கிப் போனார்கள். அவர்களே கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார்கள், பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் சேறு ஒட்டியிருக்க. பள்ளத்தில் போய்ப் புதிதாக மோந்திருக்கிறார்கள். பள்ளத்துக்குக் காவல் போட்டேன். அடுத்து, கறுத்துப்போன எண்ணெயுடன் வடைக்கடைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் கொண்டுவந்தது டிராக்டரிலிருந்து வடித்தது.

சோதனை வைத்தாக வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப் போய் வர நேரமில்லை. டீக்கடையில் கொஞ்சம் மஞ்சள்தூளும் ஒரு கண்ணாடி டம்ளரும் வாங்கினேன். எண்ணெயோடு தண்ணீர் சேர்த்துக் குலுக்கி ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால், காரம் இருந்தால் சிவக்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுக்கிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடைக்கடைக்காரர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு விளக்க வேண்டியதில்லை என்று நான் சந்தோஷப்பட்டது கொஞ்ச நேரந்தான். அடுத்து வந்த எண்ணெயெல்லாம் சிவந்தது. எல்லாமே நன்றாக, ஆரத்தித் தட்டுப்போலவே சிவந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அக்காவின் தூக்குவாளியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தது.

"என்னக்கா, சுண்ணாம்பு கெடக்கு?"

"வெத்தல போட்டுக்கிட்டே மோந்தேன் தம்பி. விழுந்திருக்கும்."

"சுண்ணாம்பு மட்டும் விழுந்துச்சா?"

"வெத்தலயும் பாக்கும் வாயில இருக்குல்ல."

அந்தப் பதிலுக்காகவே ஒரு பாக்கெட் கொடுத்தேன். அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

"எங்களையே சோதிக்கிறியே தம்பி. மொத ஆளா டிராக்டர்ல ட்ரம்ம வச்சு மோந்துட்டுப் போனது ஒங்க மாப்ளதான். அவுக வீட்டுக்கு மட்டும் மஞ்சத்தூளு போகாதா?"

மேசையைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தேன்.

என் தங்கை கணவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், தங்கையைச் சத்தம் போட மாட்டார். ஆனால் ஊருக்குள் அவருக்கு ஒரு பேச்சு இருந்தது: மச்சான் எண்ணெய் ஆலையில் இருந்தாலும் இன்றுவரை அங்கிருந்து ஒரு சொட்டு எண்ணெய் என் வீட்டுக்கு வந்ததில்லை. டீக்கடையிலும் சாவடியிலும் பங்காளிகள் கூடுகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். உண்மையும் அதுதான். நானும் கொடுத்ததில்லை.

வீட்டு முன்னால் பந்தல் போட்டாகிவிட்டது. பங்காளிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஓரத்தில் சமையல் மாஸ்டர் மறுநாள் பந்திக்குப் பூந்தி போடுவதற்காகப் பெரிய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாவு கரைத்துத் தயாராக இருந்தது. அவருக்குப் பின்னால் எண்ணெய் டின்கள் இரண்டு வரிசை. கடையில் அளந்து வாங்கியதும் பள்ளத்தில் மோந்ததும் ஒரே மாதிரிப் பழைய டின்களில்தான் இருக்கும். பார்த்தவுடன் பிரிக்க முடியாது.

"வாங்க மச்சான். என்ன, இன்னைக்கே வந்துட்டீக?" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. எண்ணெய் எங்க வாங்குனது மாப்ள?"

"மேலூர்ல."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும் மேலூருதான்." கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மணிக்கட்டு வரைக்கும் சிவந்திருந்தன.

"கையில என்ன?"

"பந்தக்கால் ஊண்டுனேன். மண்ணு சேரல."

"தண்ணிய நெறைய ஊத்திக் கழுவுங்க மாப்ள. ரொம்ப நேரம் ஊத்துங்க." இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் குழாயடிக்குப் போனார்.

தங்கை என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணே, அவுகளக் கேட்டுறாத. பங்காளிக அம்புட்டுப் பேரும் உக்காந்திருக்காக. நீ நாளைக்குக் காதக் குத்திட்டு வண்டியேறிப் போயிருவ. நான்தான் இங்கன இருக்கணும்."

"எந்தெந்த டின்னுல ஊத்துனாக?"

"எனக்கு என்ன தெரியும்? பழைய டின்னு இருந்தா எடுத்துக் குடுன்னாக. குடுத்தேன்."

இதுதான் நிலைமை. கேட்காமல் விட்டால் சமையல் மாஸ்டரின் முகமும் கையும் போகும். கேட்டால் மாப்பிள்ளையின் மரியாதை போகும். அதை என் தங்கை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லா டின்களையும் எடுத்தாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாஸ்டர் ஒரு டின்னைத் தூக்கிச் சட்டியின் விளிம்பில் வைத்துவிட்டார்.

"மாஸ்டர், ஊத்தாதீங்க" என்றேன்.

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் குறைவு. சொன்னால் தேவைக்கு மேல் விவரம் சேர்த்துவிடுவேன். "மாமன் எண்ணெய் இன்னும் வரல" என்றேன்.

"அது என்ன மாப்ள, மாமன் எண்ணெய்?" என்று பெரியப்பா கேட்டார்.

"காதுகுத்துச் சமையலுக்கு எண்ணெய் தாய்மாமன் வீட்லருந்துதான் வரணும் மாமா. அது வர்றதுக்கு முன்னாடி அடுப்புல எண்ணெய் ஏறக் கூடாது."

"பெரியவன், சின்னவன் ரெண்டு பேருக்கும் குத்துனமே. அப்ப ஒண்ணும் கொண்டு வரலயே."

"பொம்பளப் புள்ளைக்கு மட்டுந்தான் மாமா."

"அப்ப இங்க வாங்கி வச்சிருக்க எண்ணெய என்ன செய்யிறது?"

"அது மாமன் வீட்டுக்குப் போகணும். எதிர்மொறை. ஒரு டின்னு கூட மிச்சம் வைக்கக் கூடாது. ஊத்துன கரண்டி, புனல் எல்லாம் கழுவிறணும்." கரண்டியும் புனலும் நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நானும் எத்தனையோ காதுகுத்து பாத்திருக்கேன். இப்புடி ஒண்ணக் கேள்விப்பட்டதில்ல."

"மேக்குச் சீமையில இருக்கும் போல" என்றார் பின்னால் ஒருவர்.

பெரியப்பா அத்துடன் விடுகிற ஆளில்லை. "ஏம்மா" என்று தங்கையைக் கூப்பிட்டார். "ஒங்க ஊருல இப்புடி மொற உண்டா?"

தங்கை என்னைப் பார்க்கவே இல்லை. "உண்டு மாமா. இல்லைன்னா காது புண்ணாயிரும்பாக" என்றாள். தேவைக்கு மேல் விவரம் சேர்ப்பது எங்கள் குடும்பத்துக்கே உள்ளது என்று அப்போதுதான் தெரிந்தது.

குழாயடியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "மச்சான் எண்ணெய் வரட்டும், வேணாங்கல. என் எண்ணெயும் இருக்கட்டும். நான் வாங்குனத நான் எதுக்கு அனுப்பணும்? ஊர்ல என்ன பேசுவாக?"

"மொறைன்னா முழுசாச் செய்யணும் மாப்ள" என்றேன். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அடுப்புல ஏத்துனா மாஸ்டருக்கு ஆகாது."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் டின்னைச் சட்டி விளிம்பில் சாய்த்துப் பிடித்தபடியே நின்றிருந்தார். எந்தப் பக்கம் தீர்ப்பாகிறது என்று காத்திருந்தார். மாப்பிள்ளை மெதுவாகப் போய் அந்த டின்னை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"சரி. மச்சான் வீட்டு மொறைய நம்ம மாத்த முடியுமா? எல்லாத்தையும் எடுங்கப்பா" என்றார். இரண்டு எட்டு நடந்து நின்றார். "மாட்டுக் கொட்டத்துல ட்ரம்முலயும் கொஞ்சம் கெடக்கு. அதுவும் வீட்டு எண்ணெய்தான?"

"அதுவும் வீட்டு எண்ணெய்தான் மாப்ள."

"மேலூர்ல ட்ரம்முலயா வாங்குன?" என்றார் பெரியப்பா.

"மொத்தமா வாங்குனேன் பெரியப்பா."

நான் ஆலைக்குப் போன் செய்தேன். ஒரே வீட்டில் டின்களும் ஒரு ட்ரம்மும் சிக்கியிருக்கின்றன, பதிலுக்கு நல்ல எண்ணெய் உடனே அனுப்புங்கள் என்றேன். யார் வீடு என்று மேலாளர் கேட்டார். நல்ல குடும்பம் என்றேன்.

எண்ணெய் ஏற்றிய குட்டியானை வேன் தெருமுனையில் திரும்பியபோது, மறுநாளைக்குப் பேசியிருந்த மேளக்காரர்கள் பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் சீர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது என்று நினைத்து டம்ளரை வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். மேளச் சத்தம் கேட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். சீலை இல்லை, பழத்தட்டு இல்லை, மாலை இல்லை. எண்ணெய் டின்கள் மட்டும் மேளதாளத்தோடு வந்து இறங்கின. ஓட்டுநர் எங்கள் ஆலைக்காரர். எதற்கு இந்த மரியாதை என்று புரியாமல், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

மாஸ்டர் புது டின்னை உடைத்து ஊற்றினார். எண்ணெய் காய்ந்து முதல் கரண்டி மாவு விழும்வரை நான் அடுப்பை விட்டு நகரவில்லை. பூந்தி மேலே வந்து மிதந்தது. எண்ணெய் பொங்காமல் அமைதியாக இருந்தது. "சொந்தக்காரக நின்னா எனக்குக் கை ஓடாது, போய் உக்காருங்க" என்றார் மாஸ்டர்.

எடுத்துவந்த டின்களை ஆலையில் வரிசையாக வைத்துச் சோதித்தேன். பாதிக்கு மேல் சிவந்தன. அவையும் ட்ரம்மும் சோப்புக் கழிவுத் தொட்டிக்குப் போயின. மீதி, மெய்யாகவே மேலூரில் வாங்கிய நல்ல எண்ணெய். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது; எதிர்முறை என்று சொன்னவனே நான்தான். மதுரையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த டின்கள் வெகுநாள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. மனைவி பார்க்கிறவர்களுக்கெல்லாம் முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காதுகுத்து நல்லபடியாக நடந்தது. மருமகள் என் மடியில் உட்கார்ந்து, முதல் காதுக்கு என்ன நடக்கிறது என்று புரியாமல் இருந்துவிட்டு, இரண்டாவது காதுக்கு என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். பெரியப்பா குனிந்து இரண்டு காதையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "புண்ணாகாது" என்றார். கடைசிப் பந்தியில் மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் தங்கை தேங்காய் எண்ணெய் தடவிவிட்டிருந்ததால் கரண்டியால் சாப்பிட்டார். அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எண்ணெய் நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா மேலூர்ல நான் வாங்குனது இன்னுங் கொஞ்சம் நல்லாருந்துச்சு."

"இருக்கும் மாப்ள" என்றேன்.

ஆலையில் அந்த வால்வுக்கு இப்போது பூட்டு உண்டு. சாவி ஷிப்டு மாறும்போது கை மாறுகிறது. எண்ணெய் விவகாரம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் மாப்பிள்ளையின் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் அவர்தான். ஒரு நாள் மாலை ஷிப்டு முடிந்து வெளியே வருகிறேன், ஆலை வாசலில் அவரும் பெரியப்பாவும் நிற்கிறார்கள். அவர் காலடியில் புது எண்ணெய் டின் ஒன்று, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து.

"மேலூர்ல வாங்குனது" என்றார் மாப்பிள்ளை.

"இவன் தங்கச்சி வீட்ல மாமன் எண்ணெய் எப்பன்னு கேட்டு விட்டிருக்காக" என்றார் பெரியப்பா. "போன வருசம் இவன் மக காதுகுத்துல பாத்தாகள்ல. விடுவாகளா? மொறையத் தப்பாச் செஞ்சிறக் கூடாதுன்னு கேட்டுட்டுப் போக வந்தோம்."

"என்ன கேக்கணும் மாமா?"

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. என் முகத்திலும் இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

"டின்னத் தோள்ல வச்சுக் கொண்டு போகணுமாம்ல மச்சான்" என்றார். "எந்தத் தோளு?"

தோள், நான் சேர்த்த விவரம் இல்லை.

"வலது தோளு மாப்ள."

அவர் குனிந்து டின்னைத் தூக்கி வலது தோளில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று பெரியப்பாவிடம் திரும்பிக் காட்டினார்.